பொருளாதாரம் சுருங்கும்போது வரியைக் கூட்டலாமா? இலங்கையின் கணக்கு

பொருளாதாரம் படுத்துக் கிடக்கும்போது அரசு வரியைக் குறைக்க வேண்டும், செலவைக் கூட்ட வேண்டும் என்பதுதான் பொருளியல் வகுப்பில் எல்லோரும் படித்த பாடம். இலங்கையில் நடந்தது நேர் எதிர். 2022இல் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. அதே ஆண்டு ஜூனில் பெறுமதி சேர் வரி, அதாவது வற் வரி, 8 சதவீதத்திலிருந்து 12க்கும், செப்டெம்பரில் 15க்கும் ஏறியது. 2023இல் மொத்த உள்நாட்டு உற்பத்தி (இனிச் சுருக்கமாக உற்பத்தி) மேலும் 2.3 சதவீதம் குறைந்தது; அந்த ஆண்டு முதல் நாளிலிருந்தே சம்பளக்காரர்மீது 36 சதவீதம் வரை போகும் வருமான வரி விழுந்தது. 2024 ஜனவரியில் வற் 18 ஆனது.

வேறு வழியே இல்லாததால் செய்தார்கள் என்பவர்கள் ஒருபுறம், சர்வதேச நாணய நிதியம் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தார்கள் என்பவர்கள் மறுபுறம். இரு தரப்பும் வரி விகிதத்தைப் பற்றியே பேசுகின்றன. அதைவிடப் பெரிய விஷயம், வரியை வசூலிக்கும் ஏற்பாடு. 2019 கடைசியில் இலங்கை விகிதத்தைக் குறைத்ததோடு நிற்காமல் அந்த ஏற்பாட்டையும் கழற்றி வைத்தது. விகிதத்தை ஒரே சட்டத்தில் திரும்ப ஏற்றிவிடலாம். வசூல் ஏற்பாட்டைத் திரும்பக் கட்ட ஆண்டுகள் பிடிக்கும். இடைப்பட்ட காலத்தில் யாரிடமிருந்து எடுப்பது எளிதோ அவர்களிடமிருந்துதான் எடுத்தார்கள்.

அடிப்படைச் சொற்கள்

1. இறைக் கொள்கை: அரசு எவ்வளவு வரி எடுக்கிறது, எதற்குச் செலவழிக்கிறது, இடைவெளியை எந்தக் கடனால் நிரப்புகிறது என்பதெல்லாம் சேர்ந்தது. வட்டி வீதம், பணப்புழக்கம் ஆகியவை மத்திய வங்கியின் நாணயக் கொள்கையில் அடங்கும். இரண்டும் தனித்தனி. ஆனால் ஒன்று கெட்டால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.

2. முதன்மை மீதி: அரசின் வருவாயிலிருந்து வட்டி தவிர்ந்த செலவைக் கழித்தால் கிடைப்பது. பழைய கடனின் வட்டி இன்றைய அரசின் கையில் இல்லை. அதனால் இன்றைய அரசு வரவுக்குள் வாழ்கிறதா என்பதை இந்த எண்தான் காட்டும். மீதி இருந்தால் முதன்மை மிகை, இல்லாவிட்டால் முதன்மைப் பற்றாக்குறை.

3. தாமாக இயங்கும் தாங்கிகள்: யாரும் புதிதாக முடிவெடுக்காமலே மந்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடுகள். வருமானம் விழுந்தால் வருமான வரி தானாகக் குறையும். வேலை போனவருக்கு உதவித்தொகை தானாகப் போகும். இவை வேலை செய்ய வருமான வரி பரவலாக இருக்க வேண்டும், உதவி பெறுவோர் பட்டியல் நாளதுவரை சரியாக இருக்க வேண்டும். இலங்கையில் இரண்டுமே பலவீனம்.

4. சிக்கன நடவடிக்கை: முதன்மைப் பற்றாக்குறையை வேகமாக மிகையாக்குவது. வெட்டு மட்டுமே சிக்கனம் என்று நினைப்பது தவறு. வரி உயர்வும் அதில் சேரும். இலங்கையில் பாரம் பெரும்பாலும் வரிப் பக்கமே விழுந்தது.

பாடம் எங்கே பலிக்காது?

மந்தத்தில் அரசு அதிகம் செலவழிக்கலாம் என்ற விதிக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: யாராவது கடன் தர வேண்டும், அதுவும் தாங்கக்கூடிய வட்டிக்கு. தன் சொந்த நாணயத்தில் கடன் வாங்கும் பெரிய நாடு 2020 கொரோனா காலத்தில் அள்ளிச் செலவழிக்க முடிந்தது. டொலரில் கடன் வாங்கி, எரிபொருளையும் மருந்தையும் கோதுமையையும் டொலரில் வாங்கும் சிறிய நாட்டுக்கு அந்த வசதி இல்லை. இங்கே அரசு கூடுதலாக விடும் ஒவ்வொரு ரூபாவிலும் ஒரு பங்கு இறக்குமதியாக வெளியே போகும். கையிருப்பு டொலர் கரையும்.

சிக்கனம் தன்னைத்தானே தோற்கடிக்கும் என்ற வாதத்தையும் எண் போட்டுப் பார்க்க வேண்டும். அரசு 100 ரூபா செலவை வெட்டினால் மொத்த உள்நாட்டு உற்பத்தி 50 ரூபா குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அரச வருவாய் உற்பத்தியில் 40 சதவீதமாக உள்ள கிரேக்கம் போன்ற நாட்டில் அந்த 50 ரூபாவோடு 20 ரூபா வருவாயும் போய்விடும். மிச்சம் 80 ரூபாதான். வருவாய் 8 சதவீதமே உள்ள நாட்டில் இழப்பு 4 ரூபா, மிச்சம் 96. ஆகவே கிரேக்கத்தில் 2010க்குப் பின் நடந்ததை அப்படியே இலங்கைக்கு ஒட்டிப் பேச முடியாது. அதற்காக இது நல்ல செய்தியும் அல்ல. வருவாய் அவ்வளவு மெலிந்த அரசிடம் மந்தத்தில் மக்களைத் தாங்கிப் பிடிக்கும் வலுவும் இருக்காது. மூன்றாம் எண்ணில் சொன்ன தாங்கிகள் அங்கே இயங்கவே மாட்டா.

2019 டிசம்பர்: கழற்றப்பட்டவை

2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானார். அடுத்த சில வாரங்களில் வந்த மாற்றங்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் சேதத்தின் அளவு விளங்கும்.

விகித மாற்றங்கள்:

1. வற் 15 சதவீதத்திலிருந்து 8க்கு வந்தது.
2. விற்பனைப் புரள்வின்மீது இருந்த 2 சதவீத நாட்டைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது.
3. கம்பனிகளின் பொது வருமான வரி 28இலிருந்து 24 ஆனது. தனிநபருக்கான உச்ச விகிதம் 18 ஆனது.

வசூல் ஏற்பாட்டு மாற்றங்கள்:

4. வற் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை வரம்பு 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியனுக்கு ஏறியது. 25 மடங்கு.
5. உழைக்கும்போதே பிடித்துக்கொள்ளும் சம்பள வரி ஒழிக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் அதற்குப் பதிலாக வந்த ஏற்பாட்டில் ஊழியர் சம்மதித்தால் மட்டுமே தொழில் வழங்குநர் வரி பிடிக்கலாம்.
6. வங்கி வட்டியில் மூலத்திலேயே பிடித்த நிறுத்தி வைத்தல் வரி நீக்கப்பட்டது.
7. தனிநபர் வரி விலக்கு ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாவானது. மாதம் இரண்டரை இலட்சம் வரை வாங்குபவர் வரி வலையிலேயே இல்லை.

நான்காம் மாற்றத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வற் ஒரு சங்கிலி வரி. மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்காரருக்கு வற் போட்டு விற்கிறார். கடைக்காரர் தான் கட்டிய வற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் திறைசேரிக்குச் செலுத்துகிறார். கழித்துக்கொள்ள வேண்டுமானால் அவர் கையில் வரி விலைப்பட்டியல் இருக்க வேண்டும். ஆகவே வாங்குபவர் விலைப்பட்டியல் கேட்பார், விற்பவர் விற்பனையை மறைக்க முடியாது. ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் இந்த ஏற்பாடு வற் வரியின் உயிர்நாடி. நடுவில் ஆயிரக்கணக்கான கடைகள் பதிவிலிருந்து விழுந்ததும் சங்கிலி அறுந்தது. வரி குறைந்தது மட்டுமல்ல, யார் எவ்வளவு விற்கிறார் என்ற தகவலே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் கையைவிட்டுப் போனது.

ஐந்தும் ஆறும் அதே வகைச் சேதம். மூலத்தில் பிடிக்கும் வரிக்கு அதிகாரி துரத்த வேண்டியதில்லை. வங்கியும் தொழில் வழங்குநரும் வசூலித்துத் தருவார்கள். அதை எடுத்துவிட்டால் ஒவ்வொருவரும் தானாக வந்து படிவம் நிரப்பிக் கட்டுவார் என்று நம்பியிருக்க வேண்டியதுதான்.

அரச வருவாய் 2019இல் உற்பத்தியில் ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்தது. 2021இலும் 2022இலும் 8 சதவீதத்தை ஒட்டி நின்றது. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் ஒரு காரணந்தான். ஆனால் கொரோனா உலகம் முழுக்க வந்தது. வருவாயில் மூன்றில் ஒரு பங்கை இப்படி இழந்து, அதை மீட்கவும் முடியாமல் நின்ற நாடுகள் மிகக் குறைவு. 2020 முடிவதற்குள், நாடுகளின் கடன் திருப்பும் தகுதியை மதிப்பிடும் தரப்படுத்தல் நிறுவனங்கள் இலங்கையைக் கீழ்ப்படியில் இறக்கின. சர்வதேசச் சந்தையில் புதுக் கடன் வாங்கும் கதவு அத்துடன் மூடியது.

ஓட்டையை அடைத்த பணம்

வரி வரவில்லை, வெளிக்கடன் கிடைக்கவில்லை, சம்பளமும் ஓய்வூதியமும் வட்டியும் கொடுத்தாக வேண்டும். மிச்சமிருந்தது மத்திய வங்கி. அரசு குறுகிய காலக் கடனுக்கு விற்கும் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களை மத்திய வங்கி வாங்கி, புதிய ரூபாவை அரசின் கணக்கில் போட்டது. 2019 முடிவில் மத்திய வங்கியிடம் இருந்த அரச பிணையங்கள் ஏறத்தாழ 75 பில்லியன் ரூபா. 2021 முடிவில் 1,400 பில்லியனை எட்டின. ரூபாவின் பெறுமதியோ ஒரு டொலருக்கு 200ஐச் சுற்றிப் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. 2022 மார்ச்சில் பிடி நழுவியதும் ஒரு டொலர் 360 வரை போனது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவில் மட்டும் 94.9.

இதைக் கணக்காகப் பாருங்கள். மாதம் ஒரு இலட்சம் வாங்கியவரின் சம்பளம் மாறாமல் இருந்து விலை 69.8 சதவீதம் ஏறினால், அந்தச் சம்பளத்தின் வாங்கும் வலு 59,000 ரூபாவுக்குக் கீழே போகிறது. 41 சதவீதம் பறிபோனது. எந்தப் பாராளுமன்றமும் இப்படி ஒரு வரியை நிறைவேற்றியிருக்காது. ஏழைக்கு விலக்கு, பணக்காரருக்குக் கூடுதல் விகிதம் என்ற படிமுறையும் இதில் இல்லை. வீடும் காணியும் டொலரும் வைத்திருந்தவர் தப்பினார், ரூபாவில் சம்பளமும் சேமிப்பும் வைத்திருந்தவர் அகப்பட்டார். 2019இல் விட்டுக்கொடுத்த வரி 2022இல் பணவீக்கமாகத் திரும்பி வசூலிக்கப்பட்டது. வரிக் குறைப்பை அப்போது வரவேற்ற வர்த்தக அமைப்புகளும் பொருளியலாளரும் இதற்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர்கள்.

திரும்ப ஏற்றியபோது யார் கட்டினார்கள்?

2023 மார்ச் 20ஆம் திகதி நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலருக்கு, 48 மாத ஏற்பாட்டை அங்கீகரித்தது. அதன் மையத்தில் இரண்டு எண்கள்: 2025க்குள் முதன்மை மிகை உற்பத்தியில் 2.3 சதவீதமாக வேண்டும். 2022இல் 128 சதவீதமாக இருந்த அரச கடன் 2032க்குள் 95 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். 2022இல் 3.7 சதவீதமாக இருந்த முதன்மைப் பற்றாக்குறை 2023இல் 0.6 சதவீத மிகையாக மாறியது. சுருங்கிக்கொண்டிருந்த பொருளாதாரத்தில், ஒரே ஆண்டில், 4 சதவீதப் புள்ளிகளுக்கும் மேலான இறுக்கம்.

சம்பளக்காரர் நிலை: மாதம் 2 இலட்சம் ரூபா வாங்குபவரை எடுத்துக்கொள்வோம்.

1. 2020 முதல் 2022 வரை: ஆண்டு வருமானம் 24 இலட்சம், விலக்கு 30 இலட்சம். வரி இல்லை.
2. 2023 ஜனவரி முதல்: விலக்கு 12 இலட்சம். வரிக்குரியது மீதி 12 இலட்சம். முதல் 5 இலட்சத்துக்கு 6 சதவீதம் 30,000. அடுத்த 5 இலட்சத்துக்கு 12 சதவீதம் 60,000. மீதி 2 இலட்சத்துக்கு 18 சதவீதம் 36,000. மொத்தம் 1,26,000, மாதம் 10,500.
3. 2025 ஏப்ரல் முதல்: விலக்கு 18 இலட்சம், அடுத்த 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். வரிக்குரியது 6 இலட்சம், வரி 36,000, மாதம் 3,000.

மாதம் 3 இலட்சம் வாங்கியவருக்கு 2023இல் மாத வரி 35,000. விலை ஏறி வாங்கும் வலு ஏற்கெனவே கரைந்தபின் இது வந்தது. மருத்துவர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் 2023இன் முதல் மாதங்களில் வேலைநிறுத்தம் செய்ததும், தொழில்வல்லோர் பலர் நாட்டைவிட்டுப் போனதும் இந்தப் பின்னணியில்தான். அதே வருமானம் ஈட்டும் தனியார் வகுப்பு ஆசிரியரும் ஒப்பந்தக்காரரும் பல சந்தர்ப்பங்களில் பதிவிலேயே இல்லை. விகித அட்டவணை எல்லோருக்கும் ஒன்றுதான். பிடிபட்டது சம்பளச் சீட்டு உள்ளவர்.

வற் நிலை: 2024 ஜனவரியில் "வரி 3 சதவீதம்தான் கூடியது" என்ற பேச்சு பலரைக் குழப்பியது. ஏற்கெனவே வற் இருந்த பொருளுக்கு அது சரி. 1,150 ரூபாவுக்கு விற்றது 1,180 ஆகும், உண்மை ஏற்றம் 2.6 சதவீதம். ஆனால் அதே நாளில் விலக்குப் பட்டியலும் சுருக்கப்பட்டது. சமையல் எரிவாயு, கைத்தொலைபேசி, உரம் போன்றவை புதிதாக உள்ளே வந்தன. அவற்றுக்கு ஏற்றம் சுழியத்திலிருந்து 18. பெற்றோல், டீசலும் உள்ளே வந்தன, அவற்றின்மீதான 7.5 சதவீதத் துறைமுக, விமான நிலைய அறவீடு நீங்கியதால் முழு 18 விழவில்லை. 2022 ஒக்டோபரில் வந்த 2.5 சதவீத சமூகப் பாதுகாப்பு அறவீட்டை இதோடு சேர்க்க வேண்டும். அதில் முன்கட்டத்தில் கட்டியதைக் கழிக்க முடியாது. பெரிய வியாபாரங்களின் ஒவ்வொரு கட்டத்திலும் படிந்து விலைக்குள் போய்விடும்.

யாருக்கு எவ்வளவு கனம்? ஒரு உதாரணம் போதும். மாதம் 60,000 வருமானமுள்ள குடும்பம் வற் உள்ள பொருள்களுக்கு 40,000 செலவழித்தால் அதற்குள் வரி 6,100 ரூபா. வருமானத்தில் பத்தில் ஒன்று. மாதம் 6 இலட்சம் வருமானமுள்ள குடும்பம் 2 இலட்சம் செலவழித்தால் வரி 30,500, இருபதில் ஒன்று. சேமிக்கும் பணத்துக்கு வற் இல்லை என்பதால் வரும் வேறுபாடு இது.

ஊழியர் சேமலாப நிதியத்தையும் மறக்கக் கூடாது. 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் நிதியம் தன்னிடமிருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசின் நீண்ட காலக் கடன் பத்திரங்களை, கொடுத்துவிட்டு, நீண்ட தவணையும் குறைந்த வட்டியும் கொண்ட புதிய முறிகளை ஏற்றது. ஏற்காவிட்டால் முறி வருமானத்தின்மீதான வரி 14 சதவீதத்திலிருந்து 30 ஆகும் என்று சட்டம் வைக்கப்பட்டது. வங்கிகள் இந்த மாற்றத்திலிருந்து விலக்கப்பட்டன. வங்கி அமைப்பு சரியக் கூடாது என்ற காரணம் நியாயமானது. ஆனாலும் தொழிலாளரின் முதுமைச் சேமிப்பு பாரத்தைச் சுமந்தது என்பது மாறாது.

செலவுப் பக்கம்

வட்டி, சம்பளம், ஓய்வூதியம் ஆகிய மூன்றையும் எளிதில் தொட முடியாது. 2023இல் அரசு ஈட்டிய ஒவ்வொரு 100 ரூபாவிலும் 80 வட்டிக்கே போனது. வெளிநாட்டு வட்டி பெரும்பாலும் நிறுத்தப்பட்டிருந்த ஆண்டு அது. உள்நாட்டுத் திறைசேரி உண்டியல்களின் வட்டி 2022இல் 30 சதவீதத்தைத் தாண்டியதன் விளைவு. இப்படிப்பட்ட நிலையில் வெட்ட மிஞ்சுவது வீதி, குளம், பாடசாலைக் கட்டடம், மருத்துவமனைக் கருவி போன்ற மூலதனச் செலவு. மற்ற நடவடிக்கைகள் சிறியவை: அரச ஆட்சேர்ப்பு நிறுத்தம், ஓய்வு வயது 60க்கு இறக்கம், வெளிநாடு போக ஐந்து ஆண்டு சம்பளமற்ற விடுமுறை. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏற்றப்பட்டது. கணக்கில் இது வரி அல்ல, வீட்டுக்கு வந்து சேர்வது அதே பாரம்.

மீண்டது, மீளாதது

பணவீக்கம் 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதமாக இறங்கியது. 2024இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது. அரச வருவாய் உற்பத்தியில் 13 சதவீதத்தைத் தாண்டியது. அரசுக்கு மத்திய வங்கி நேரடியாகப் பணம் தருவதை 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் தடுத்தது. 2024இல் ஆட்சி மாறியபோதும் இலக்குகள் மாறவில்லை. இவை உண்மையான மீட்சி.

ஆனால் உலக வங்கியின் கணிப்பில் வறியோர் விகிதம் 2019இல் 11 சதவீதத்தை ஒட்டியிருந்தது, 2022இல் 25ஆனது. 2024இலும் அங்கேயே கிட்டத்தட்ட நின்றது. பழைய வறியோர் உதவித் திட்டமான சமுர்த்திக்குப் பதிலாக 2023இல் வந்த அஸ்வெசும உதவியில் மிக வறிய குடும்பத்துக்குத் தொடக்கத்தில் மாதம் 15,000 ரூபா. முதல் வற் ஏற்றத்துக்கு ஓராண்டு கழித்தே அது தொடங்கியது. வரிசை மாறியிருக்க வேண்டும்: உதவி முதலில், வரி பின்னர்.

வசூல் ஏற்பாடு மெல்லத் திரும்புகிறது. சம்பளத்தில் கட்டாயப் பிடிப்பு 2023இல் மீண்டது. வட்டியில் மூலத்தில் பிடிப்பது 5 சதவீதமாகத் திரும்பி, 2025 ஏப்ரலில் 10 ஆனது. வற் பதிவு வரம்பு 2024இல் 60 மில்லியனுக்கு வந்தது. அப்போதும் அது 2019இல் இருந்ததைப்போல் ஐந்து மடங்கு. 18 வயது கடந்தோர் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் பெற வேண்டும் என்ற அறிவிப்பு வீண் பயத்தைக் கிளப்பியது. இலக்கம் பெறுவது வேறு, வரி கட்டுவது வேறு. விலக்கு எல்லைக்குள் வருமானம் உள்ளவர் இலக்கம் பெற்றாலும் வரி கட்ட வேண்டியதில்லை. சொத்தின்மீதான வரி மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது.

அடுத்த பாதீட்டில் பார்க்க வேண்டியவை

1. மொத்த வரி வருவாயில் வருமான வரியின் பங்கு. அது ஏறாமல் மொத்தம் மட்டும் ஏறினால் கடை விலை வழியாகத்தான் பணம் வருகிறது.
2. மூலதனச் செலவுக்கு ஒதுக்கியதும் ஆண்டு முடிவில் உண்மையில் செலவழித்ததும். ஒதுக்கிவிட்டுச் செலவழிக்காமல் மிகை காட்டுவது எளிது.
3. 2024ஆம் ஆண்டின் பொது நிதி முகாமைத்துவச் சட்டம் வட்டி நீங்கிய செலவை உற்பத்தியின் 13 சதவீதத்துக்குள் கட்டியிருக்கிறது. உற்பத்தி விழுந்தால் இந்த எல்லையும் ரூபாவில் சேர்ந்து இறங்கும், அதாவது உதவி அதிகம் தேவைப்படும் ஆண்டில் செலவுக்கான இடம் சுருங்கும். ஆகவே அந்த 13க்குள் அஸ்வெசுமவுக்கு எவ்வளவு, நடுவில் வேலை இழந்த குடும்பம் பட்டியலில் சேர எத்தனை மாதம் ஆகிறது என்ற இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.